வழுக்கை எங்கே தொடங்குகிறது

அவருடைய சொந்தப் பெயர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தெருவுக்கு அவர் ‘நேர்கோடு’. பின்கழுத்தில் அவர் கத்தியை இழுத்தால் அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் பிசகாது. இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் முடியும். சிலருக்குக் காதுகள் மேலும் கீழுமாக இருக்கும். அதற்கு அவர் பொறுப்பில்லை.

சலூனில் துடைப்பத்தோடு தொழிலில் நுழைந்தவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், தன் மகளைப் பட்டம் வாங்க வைத்தார். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம். அதுவும் தத்துவத்தில். கருப்பு அங்கியோடு அவள் நிற்கும் போட்டோவைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்தார். வாடிக்கையாளர் தலையை நிமிர்த்த வேண்டுமென்றால், “கொஞ்சம் எம்பொண்ணு போட்டோவைப் பாருங்க” என்பார். தலை சரியான கோணத்துக்கு வந்து நிற்கும். “தத்துவம் படிச்சு என்ன பண்றதாம்?” என்று ஒருமுறை கேட்டவருக்கு மட்டும் ஒரு பக்கக் கிருதா கொஞ்சம் ஏறிப்போனதாக ஒரு பேச்சு உண்டு.

சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது. சன்னலோரத்து நாற்காலி அவர் மனைவியின் தம்பியுடையது. மச்சானுக்குக் கை மெதுவாக ஓடும். வாய் அதற்கும் சேர்த்து ஓடும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெஞ்சில் இடமிருக்காது. காதோரம் நாலு முடியை ஒதுக்கிவிட வந்த வழுக்கைத் தலையர்கள், தேன்கூடு மாதிரி முடி வைத்திருக்கும் பையன்களுக்குப் பின்னால் மதியம் வரை உட்கார்ந்து கிடப்பார்கள். நேர்கோடு மனமிரங்கினார். அங்கேதான் சனியன் பிடித்தது. சன்னலோரத்து நாற்காலிக்கு மேலே, சுவரில், பெயின்ட் டப்பாவைத் திறந்து தன் கைப்பட எழுதினார்: ‘வழுக்கைத் தலையருக்கு மட்டும். காத்திருக்க வேண்டாம்.’

அடுத்த ஞாயிறு முதலில் வந்தவர் வங்கி மேலாளர். அவர் தலையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். மச்சான் நாற்காலியைத் தட்டி, “வாங்க சார், உங்களுக்குத்தான்!” என்றான்.

“எனக்கா? ஏன்?” என்றார் மேலாளர்.

மேலாளர் முகம் சிவந்து, பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த அசல் வழுக்கைகள் எல்லாரும் அதே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஊர் பார்க்க அந்த நாற்காலியில் ஏற ஒருவருக்கும் மனமில்லை.

ஏறியவர்கள் வேறு ஆட்கள். தபால்காரர் குனிந்து உச்சந்தலையைக் காட்டினார். “பாருங்க அண்ணே, எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளுத்திருச்சு. நான் வழுக்கைதான்.”

“இதெல்லாம் வழுக்கையில சேராது” என்றார் நேர்கோடு.

“சரி, இப்போ?” தபால்காரர் தன் தலையிலிருந்து ஒரு முடியைச் சுண்டிப் பிடுங்கி மேசையில் வைத்தார்.

“ஒரு முடி போனா வழுக்கையாயிருமா?”

“ஒரு முடியில என்ன ஆகிடும்னு நீங்களே சொல்றீங்க. அப்போ எனக்கும் மேலாளருக்கும் நடுவுல எத்தனை ஒரு முடி? எந்த முடியில அவர் வழுக்கை ஆனாரு?”

மேலாளர் செய்தித்தாளை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். தபால்காரர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தவர், “அவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே” என்று அடுத்து ஏறினார். அவரைக் காட்டி இன்னொருவர். கடை சாத்துவதற்குள், சீப்பு போனால் திரும்பி வராத அளவுக்கு முடி வைத்திருந்த சுருட்டை என்கிற பையன் அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அசல் வழுக்கைகள் பெஞ்சிலேயே கிடந்தார்கள்.

வீட்டுக்கு வந்து துண்டுகளை ஊறவைத்தபடி மகளிடம் புலம்பினார். அவளுக்கு ஒரே குஷி.

“அப்பா, இது ரொம்பப் பழைய புதிர்! மணல் குவியலை வச்சும் கேப்பாங்க. ஒரு மணியை எடுத்தா குவியல் குவியல்தானே? இன்னொண்ணு எடுத்தா? எடுத்துக்கிட்டே போனா?”

“வீடு கட்டுறவன் வந்து உதைப்பான்.”

“கேளுங்கப்பா. இதுக்கு மூணு பதில் இருக்கு. சில பேர் சொல்றாங்க, கோடு நிச்சயமா இருக்கு, ஆனா அது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாதுன்னு.”

“யாருக்கும் தெரியாத கோடா? நம்ம பொழைப்பே போச்சு.”

“இன்னும் சில பேர், வழுக்கைங்கிறது ஆமா-இல்லை சமாச்சாரமே இல்ல. ஒருத்தர் கால் வழுக்கை, ஒருத்தர் முக்கால் வழுக்கைன்னு சொல்றாங்க.”

வாசலில் செருப்பைக் கழற்றிய மச்சான் குறுக்கே விழுந்தான். “அரை வழுக்கையை எங்க உட்கார வைக்கிறது மாமா? ரெண்டு நாற்காலிக்கும் நடுவுல பலகை போடவா?”

“மூணாவது, கோடு எங்கயும் இல்ல, நாமதான் கிழிக்கணும்னு சொல்றவங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டா சரி.”

நேர்கோட்டுக்கு இது பிடித்தது. பவுடர் டப்பாவின் மூடியை எடுத்தார். உச்சியில் வைத்தால் மூடிக்கு வெளியேயும் தலை பளபளக்க வேண்டும், அப்போதுதான் நாற்காலி. மறுநாளே தபால்காரர் தன் வீட்டிலிருந்து கண்மருந்து மூடியைக் கொண்டுவந்து, “என் மூடிப்படி நான் வழுக்கை” என்று நின்றார்.

மகள் அந்த வாரம் முழுக்க ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டாள். கூடப் படித்த பையன். இவளுக்கும் பிடித்திருக்கிறது. பையனின் அப்பா பூட்டுக் கடைக்காரர். அவர் சரி என்றால் எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளும் சாக்கில் சலூனுக்கே வந்து குடும்பத்தைப் பார்க்கப் போகிறார்.

“நல்ல மனுஷன்தான்ப்பா. ஆனா தலையைப் பத்தி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ‘அண்ணே, நெத்தி ஏறிட்டே போகுது’ன்னு சொன்னதுக்காக, கூடப்பிறந்த தம்பிகிட்ட இன்னைக்கும் பேச்சுவார்த்தை இல்ல.”

“எவ்வளவு முடி இருக்கும்மா?”

“இடது காதுல இருந்து வலது காதுக்குப் போற அளவுக்கு.”

மகள் முதல்முறையாக ஒன்றை வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள், அது இப்போது ஒரு நாற்காலியில் வந்து நிற்கிறது. சன்னலோரத்தில் உட்கார வைத்தால் அவமானம். பெஞ்சில் போட்டால் மதியம் வரை காக்க வைத்த அவமானம். கூட்டத்தைத் தாண்டி நேராகத் தன் நாற்காலிக்கு அழைத்தால், “வழுக்கைக்குத்தான் அங்க தனி நாற்காலி இருக்கே” என்று தபால்காரர் தொடங்கிவிடுவார். நேர்கோடு சுவரைச் சுரண்டிப் பார்த்தார். நல்ல பெயின்ட். கடைசியில் எழுத்தின் மேல் ஒரு பெரிய துண்டைத் தொங்கவிட்டார்.

ஞாயிறு வந்தது. பூட்டுக் கடைக்காரரும் வந்தார். இடது காதுக்கு மேலிருந்து புறப்பட்ட முடிகள் மொட்டை வெளியைக் கடந்து வலது காதில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தன.

“உள்ள ரொம்பப் புழுக்கமா இருக்கே” என்றார்.

மச்சான் ஓடிப்போய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தான். துண்டு கீழே விழுந்தது.

பூட்டுக் கடைக்காரர் சுவரை நிதானமாகப் படித்தார். பிறகு அந்த நாற்காலியைப் பார்த்தார். அதில் சுருட்டை உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, நீங்க எப்படி இதுல?”

“நான் வழுக்கைதாங்க” என்றான் சுருட்டை. ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி அவனுக்கே நம்பிக்கை வந்திருந்தது.

பூட்டுக் கடைக்காரர் அவன் தலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலை வெளியே எடுக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். பிறகு நேர்கோட்டின் பக்கம் திரும்பினார்.

“இது வழுக்கைன்னா, அப்போ நான் யாருங்க?”

மேலாளர் செய்தித்தாளை இறக்கினார். மகள் சொன்ன மூன்று பதில்களும் நேர்கோட்டின் மண்டைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடின. எதைச் சொன்னாலும் கல்யாணம் நின்றுவிடும்.

“நீங்க எங்க சம்பந்திங்க” என்றார்.

“தலையைக் கேட்டா உறவைச் சொல்றீங்க?”

“தலையைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. முப்பது வருஷமா வெட்டுறேன். எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு சத்தியமா தெரியலை.”

“முடி வெட்டுறவர் பேசுற பேச்சா இது!”

சொன்னாரே தவிர, அவர் முகத்தில் கோபம் இல்லை. சுருட்டை என்ன நினைத்தானோ, எழுந்து இடம்விட்டான். பூட்டுக் கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எனக்கு முழங்கால் வலி. அதனாலதான் இதுல உட்கார்றேன். வேற எதுக்கும் இல்ல” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

பெஞ்சில் ஒரு சலசலப்பு. “எனக்கும் கொஞ்ச நாளா முழங்கால்ல ஒரு குத்தல்” என்று மேலாளர் எழுந்தார். அவருக்குப் பின்னால் மற்ற வழுக்கைகளும் ஆளுக்கொரு காலைத் தடவிக்கொண்டு எழுந்து வரிசைகட்டினார்கள்.

“நாள் பூரா நடந்து தபால் குடுக்கிற எனக்கு இல்லாத முழங்கால் வலியா?” என்றார் தபால்காரர்.

“நீ மூடியை எடுத்துட்டு வீட்டுக்குப் போ” என்றான் மச்சான்.

நேர்கோடு மச்சானை விலக்கிவிட்டுத் தானே சீப்பை எடுத்தார். ஒரு முடி குறைந்தாலும் எதிர்க்கரை எட்டாது என்று அவருக்குத் தெரிந்தது. கத்தரிக்கோலைத் தலைக்கு மேலே, காற்றில், கிச் கிச்சென்று ஓட்டினார். முன்னால் ஓட்டினார், பக்கவாட்டில் ஓட்டினார், ஒரு இடத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் காற்றைக் கொஞ்சம் சமன்படுத்தினார். போர்த்திய துணியில் ஒரு முடிகூட விழவில்லை. கடைசியில் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்.

பூட்டுக் கடைக்காரர் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.

“கொஞ்சம் அதிகமாவே வெட்டிட்டீங்க” என்றார். “பரவாயில்ல. கல்யாணத்துக்குள்ள வளர்ந்துடும்.”

நேர்கோடு துணியை உதறினார். உதற அதில் ஒன்றும் இல்லை.

“கண்டிப்பா வளர்ந்துடும், சம்பந்தி” என்றார்.