முதல் பக்கம் எது?

உறை இல்லாத இசைத்தட்டுகளைத்தான் நான் வாங்குவேன். கிள்ளான் பாசாரில் அவற்றை ஒரு பெட்டியில் தனியாகப் போட்டு மலிவாக விற்பார்கள். எல்லாம் ஆங்கிலப் பாட்டு. நான் படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான். வார்த்தை புரியாது. மெட்டைப் பிடித்துக்கொண்டே போவேன்.

பாப் பாட்டு என்றால், மறுநாள் லோரி ஓட்டும்போது அது தானாக வாய்க்கு வர வேண்டும். ஆர்ட் ராக் என்றால், எத்தனை தாளம் மாறினாலும் கடைசியில் தொடங்கிய மெட்டுக்கே வீடு திரும்ப வேண்டும். சிலர் கிளம்பினால் கிளம்பியதுதான். கீபோர்டில் வித்தை காட்டிக்கொண்டே காணாமல் போய்விடுவார்கள்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகைக்கடையின் மாடியில் பழைய இசைத்தட்டுக் கடை இருக்கிறது. ஞாயிறு மதியம் சிலர் அங்கே கூடி, ஒரு ஆல்பத்தை முழுக்கக் கேட்போம். முடிந்ததும் ஆளுக்கொரு கருத்து சொல்ல வேண்டும். சொல்லாதவர் கீழே போய் எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கி வர வேண்டும். சேர்ந்த நாள் முதல் அது என் வேலை.

அந்த ஞாயிறு கடைக்காரர் ஒரு ஆல்பத்தை உறையிலிருந்து எடுத்தார். நடுவில் ஒட்டியிருந்த பச்சைத் தாளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் இருப்பதிலேயே எனக்கு உயிரான ஆல்பம்! ஊசி இறங்கியதும் டிரம்ஸ் இடித்துக்கொண்டு வந்தது. திடுக்கிட்டேன். அது கடைசிப் பக்கம் அல்லவா? பியானோ தனியாக வரும் பக்கம்தான் முதல் என்று, என் தட்டில் எழுத்து அழிந்திருந்ததால் காதை மட்டும் நம்பி, இத்தனை வருடம் தலைகீழாகக் கேட்டிருக்கிறேன்.

கேட்டு முடித்ததும், பங்சாரிலிருந்து வரும் கண்ணாடிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ஆரம்பத்துலேயே எல்லா வாணத்தையும் விட்டுட்டான். அப்புறம் ஒரே தூக்கம். சுமார்தான் லா."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அங்கே சுமார் என்று முடிவான தட்டு மறுபடி பிளேயரில் ஏறாது. கடைக்காரர் தட்டை உறைக்குள் தள்ளப் போனார்.

"பாஸ், உள்ள போடாதீங்க!"

எழுந்து நின்று கத்தியது நான்தான்.

"அட, அண்ணனுக்கு வாய் இருக்கே!" என்றார் கடைக்காரர்.

"பியானோ பக்கத்தை முதல்ல போடுங்க."

"அது ரெண்டாவது பக்கம் அண்ணே. அட்டையில போட்டிருக்கு, பாருங்க."

"போட்டவன் தப்பா போட்டுட்டான்."

சிரிப்பில் மாடியே அதிர்ந்தது. என் காது சுட்டது. ஆனாலும் நான் உட்காரவில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

பியானோ வந்தது. தயங்கித் தயங்கி ஒரு மெட்டு. பின்னால் ஒரு குரல், பாதி முணுமுணுப்பாக. "இந்த மெட்டை மறந்துறாதீங்க," என்றேன். பக்கம் மாறியது. டிரம்ஸ் இடித்தது, கிட்டார் ஏறியது, கடைசிப் பாட்டில் அதே மெட்டு எல்லா வாத்தியங்களோடும் பொங்கி வந்தது.

"பாத்தீங்களா! வீட்டுக்கு வந்துருச்சு!"

கண்ணாடிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். "இருங்க. அப்படின்னா அட்டையில உள்ளதுதான் சரி. பெரிய கூட்டமா ஆரம்பிச்சு, எல்லாரும் போயி, கடைசியில அந்தப் பியானோ மட்டும் மிஞ்சுது. அதுல்ல அழகு!"

"சுமார்னு சொன்னது யாரு?"

"அது அப்போ லா!"

அவர் சொன்னதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. "இல்லவே இல்ல," என்று அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி எந்தப் பக்கத்தை முதலில் போடுவது என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கத்தைச் சொன்னோம்.