மடிப்பிள்ளைக்குக் கண் எழுதிய நாள்

என் கணவர் கோயில் கோபுரங்களுக்குச் சுதைப் பொம்மை செய்கிறவர். சாமி அல்லாத ஒன்றை அவர் முதன்முதலாகச் செய்தது நாமக்கல் சந்தையில், புதிதாகக் கட்டிய குடிதண்ணீர்த் தொட்டியின் மேடையில். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் கேட்டிருந்தார். திறப்பு விழாவுக்குச் சேலத்திலிருந்து பெரியவர்கள் வருவதாகவும், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கே ஆஸ்பத்திரி வாசலில் சிலை வைக்கும் வேலையும் இவருக்கே கிடைக்கும் என்றும் சொல்லியிருந்தார்.

சாமி முகத்துக்கு அளவு உண்டு. சாதாரணக் குழந்தைக்கு ஏது அளவு? எங்கள் பத்து மாத மகளைப் பார்த்துச் செய்யலாமா என்று கேட்டார். நான் உடனே சரி என்றேன். எட்டாவது வரை படித்தவள் இதற்கெல்லாம் பயப்படலாமா என்று நினைத்தேன். அவர் தென்னை ஈர்க்கால் அவள் நெற்றியையும் கன்னத்தையும் அளந்தார். அவள் ஈர்க்கைப் பிடித்துச் சப்பினாள்.

சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்த என் நங்கை, கணவரின் அக்காள், அச்சு எடுப்பதற்காக அவர் செய்து வைத்திருந்த களிமண் முகத்தைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

"உசுரோட இருக்கற புள்ள மொகத்தையா எடுத்து வெக்கறது? கண்ணத் தொறந்தா அந்த உசுரு இதுக்கல்லோ வந்துரும்! படிச்சவ, நீயாவது சொல்லக் கூடாதா, அம்முணி?"

"அதெல்லாம் சாமி செலைக்குத்தானுங்களே, நங்கை?"

"இது சாமி செலையா, வெறுஞ்செலையான்னு கண்ணுக்குத் தெரியுமாக்கும்?"

 

கண் எழுதுவது எப்போதும் கடைசி வேலை. கருவிழியை மையால் எழுதி முடித்ததும் சிலையின் முதல் பார்வை மனிதர்மேல் விழக் கூடாது. எதிரே கண்ணாடி பிடிப்பார்கள். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி மருந்தைப் புட்டியில் ஒட்டியிருந்த காகித அளவுப்படி கொடுத்தேன். அதே கையால் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். எதை நம்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"ஏனுங்க, அம்மாவுக்கு மட்டும் கண்ணு எழுதுங்க. புள்ளைக்கு வேண்டாமுங்க" என்றேன். அவர் தாய்க்கு மட்டும் எழுதிவிட்டுப் பிள்ளையின் கண்ணை அப்படியே விட்டுவிட்டார்.

விழா நாள் காலையில் சந்தையிலிருந்து திரும்பி வந்தார். வெற்றிலை விற்கும் பெண்கள், "ஆத்தாக்காரி முழிச்சுட்டா, புள்ள இன்னும் தூங்குதாட்ட இருக்குது, தூளியக் கட்டுங்க" என்று சிரித்தார்களாம். பிரசிடெண்ட் சிரிக்கவில்லை. "குருட்டுப் புள்ளையவா மேஸ்திரி உக்கார வெச்சிருக்கறீங்க? மத்தியானம் அவங்க வாராங்க. உங்களால ஆகாதுன்னா சொல்லீருங்க, வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கறவன உட்டு ரெண்டு பொட்டு வெச்சுக்கறேன்" என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு வாசற்படியிலேயே நின்றார். "என்ன பண்ணட்டும், புள்ள?"

வேலை விஷயத்தில் அவர் முடிவை என்னிடமே விட்டது அதுதான் முதல் தடவை. மகள் என் மடியில் அனலாகக் கிடந்தாள். வேறொருவன் கண்ணாடிகூட இல்லாமல் பொட்டு வைத்துவிட்டால் அது இன்னும் மோசமில்லையா?

"நீங்களே எழுதுங்க. நங்கையைக் கண்ணாடி புடிக்கச் சொல்லுங்க" என்றேன்.

இருவரும் போனார்கள். அவர்கள் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும், மகள் முனகினாள். கன்னத்தைத் தொட்டேன், முன்னைவிடச் சுட்டது. என் வாயாலேயே போகச் சொல்லிவிட்டேனே! அவளைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தடுப்பதற்காக ஓடினேன்.

சந்தையில் கூட்டம். முக்காலிமேல் அவர் முதுகு தெரிந்தது. "வேண்டாமுங்க! உட்டுருங்க!" என்று கத்திக்கொண்டே முன்னால் போனேன். அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடியோடு நின்ற நங்கைக்குக் கேட்டது. திரும்பினாள்.

"அடி சாமி, அவள எதுக்கு இங்க தூக்கியாந்த?"

அவள் திரும்பியபோது கையிலிருந்த கண்ணாடியும் திரும்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் இரண்டாவது கண்ணை முடித்து முக்காலியிலிருந்து இறங்கினார். சிலைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. என் மகளின் முகம் என் மகளைப் பார்த்தது. இவள் தோளிலிருந்து தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். நங்கை அவசரமாகக் கண்ணாடியை நிமிர்த்தினாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் வீட்டிலேயே இருந்திருந்தால் கண்ணாடி திரும்பியிருக்காது.

விழா முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சேலத்துக்காரர்களுக்குச் சிலை பிடித்துப்போய் ஆஸ்பத்திரி வேலை வந்தது. பிறகு பள்ளிபாளையத்தில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று. எங்கே போனாலும், "நாமக்கல்லுல இருக்கற புள்ள மாதிரியே வேணுமுங்க" என்றுதான் கேட்கிறார்கள். அந்த அச்சு அவரிடம் இருக்கிறது. அவளை அளக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்க வேண்டியதும் இல்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன்? எங்கள் அடுப்பு அந்த முகத்தால்தான் எரிகிறது.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படிச் சொல்ல இன்னும் எத்தனை வருஷம் பொறுத்திருக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அவளுக்கு உடம்பு சுட்டால் மருந்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் எடுக்கிற சாக்கில் குடத்தோடு சந்தைக்குப் போகிறேன். யாரும் பார்க்காதபோது எட்டி அந்தக் கன்னத்தைத் தொடுகிறேன். அதுவும் சுடுகிறது. சந்தையில் நிழல் கிடையாது, வெயிலில் சுடத்தானே செய்யும்.