பெரிய வெள்ளிக்கிழமைக் கோலம்

காய்ந்து கிடக்கும் மண்ணில் மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் குப்பென்று ஒரு வாசம் கிளம்புமே, பெரிய வெள்ளிக்கிழமை என்றால் என் மூக்குக்கு முதலில் வருவது அந்த வாசம்தான். மற்றவர்களுக்கு மெழுகுதிரிப் புகையோ சாம்பிராணியோ நினைவுக்கு வரலாம். ஆண்டவர் பாடுபட்டு மரித்த துக்க நாளுக்கும் மஞ்சள் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று என் பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால், நான் சிறுமியாக இருந்தபோது மண்ணரை என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்.

அப்போது எங்களுக்குக் கோயில் கட்டடம் என்று ஒன்று கிடையாது. ஒரு பனியன் கம்பெனி காலி செய்துவிட்டுப் போன குடோனில்தான் பூசை நடக்கும். மேலே சிமெண்டு அட்டை, கீழே உட்கார "கட்டிங் வேஸ்ட்" துணிகளை ஒட்டுப்போட்டு அம்மாமார்களே தைத்த விரிப்பு. பீடத்துக்குப் பின்னால் சுவரில் கம்பெனிக்காரர்கள் பெயிண்டில் எழுதிவைத்த நம்பர்கள் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் மறையாமல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை வேலை உண்டு என்பதால் எங்களுக்குப் பூசை சாயங்காலம்தான். வந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போலத் தெற்கேயிருந்து பிழைக்க வந்த ஜனங்கள். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்தத் தெருவில் வீடு காலியாக இருக்கிறது என்பதெல்லாம் பூசை முடிந்து அந்த குடோன் வாசலில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

இத்தனை ஜனங்களோடு சிலுவைப்பாதை நடத்த அந்த குடோனுக்குள் இடம் போதாது. அதனால் பெரிய வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் தெருத் தெருவாகப் போவோம். ஆண்டவர் சிலுவை சுமந்த வழியை நினைத்து நின்று செபிக்கும் பதினான்கு ஸ்தலத்துக்கும் பதினான்கு வீட்டு வாசல். ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, ஆண்டவர் சிலுவையில் தொங்கும் ஒரு பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி. இதற்கு "ஸ்தலம் எடுக்கறது" என்று பெயர். அம்மாவுக்கு அதில் ஒரு தீராத ஏக்கம் இருந்தது. ஊரில் ஆறாம் ஸ்தலம் அவள் பிறந்த வீட்டு வாசலில்தான் நிற்குமாம். சிலுவை சுமந்து வரும் இயேசுவின் முகத்தை வெரோணிக்கம்மாள் துணியால் துடைக்கும் இடம் அது. இங்கே வந்தபிறகு வருஷா வருஷம் மற்றவர்கள் வாசலில் முழங்காலிட்டுவிட்டுத் திரும்பும்போது, "இந்த ஊர்ல நமக்குன்னு ஒரு வாசல் இல்லையே" என்று அவள் முனகாமல் வந்ததில்லை.

அந்த வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறன்று உபதேசியார் எழுந்து, ஆறாம் ஸ்தலம் எடுத்த குடும்பம் வேறு பக்கம் வீடு மாறிப் போய்விட்டது, யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவரும் ஜனங்களைக் கூட்டி நடத்துபவரும் அவர்தான். நல்லவர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். அவர் கேட்டு முடிக்குமுன்பே அம்மா கையைத் தூக்கிவிட்டாள்.

அப்பா திடுக்கிட்டுப்போய், "வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டியா?" என்றார்.

"கேட்டுக்கிடலாம்" என்றாள் அம்மா.

வீட்டுக்காரம்மா பெயர் பழனாத்தாள். அம்மா அவரை அக்கா என்பாள், நான் பெரியம்மா என்பேன். ஒரே கேட்டுக்குள் வரிசையாக நாலு வாடகை வீடு, முன்பக்கம் அவர்கள் வீடு. ஒரு காலத்தில் தறி போட்டிருந்த குடும்பம், அப்போது வீட்டு முன்னறையில் சில மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். முருகனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சித்திரையில் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அம்மா போய் நின்றதும், "அதென்ன விசேசம் அம்மிணி?" என்று ஆசையாகத்தான் கேட்டார்.

"எங்க சாமி செத்த நாளுக்கா. சிலுவையத் தூக்கிட்டு வருவோம். உங்க வாசல்ல நின்னு செபம் சொல்லிட்டுப் போயிருவோம்."

பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. "செத்த நாளா? புள்ளைக்குக் கண்ணாலம் வெச்சிருக்குது அம்மிணி. இந்த நேரத்துல வாசல்ல எழவு கூட்டறதா? எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்."

அப்புறம் பதிலே வரவில்லை. தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அம்மா அவர் முகத்தைப் பார்ப்பாள், அவர் குடத்தைப் பார்ப்பார். மறுபடி கேட்டால் வீட்டையே காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். கோயிலில் போய் முடியாது என்று சொல்லவோ வாய் வரவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, இங்க வா. உங்க சாமி எப்படிச் செத்துச்சு?"

ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தேன். ஆணி அடித்தது, முள்முடி வைத்தது, கல்லறையில் அடக்கியது எல்லாம் சொல்லி, "ஆனா மூணாம் நாள் எந்திரிச்சிருவாரு பெரியம்மா" என்றேன்.

"எந்திரிச்சு?"

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல கோழிக்கறி."

அவர் சிரித்த சிரிப்பில் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் ஒரு தேங்காய்ச் சில்லைக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் அதைத் தின்றேன், பேச்சை மறந்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டுக்காரம்மாவின் கேட்டில்தானே வைக்க முடியாது, ரோடு எல்லோருக்கும் பொதுதானே என்று சொல்லி, அம்மா கேட்டுக்கு வெளியே, சாக்கடையை ஒட்டின கரண்ட் கம்பத்தடியில் மேசையைப் போட்டுத் துணி விரித்துச் சுரூபத்தை வைத்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. அப்பாவுக்குக் கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம், லீவு இல்லை. நாங்கள் இருவரும் குடோனுக்குப் போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டோம். வெரோணிக்கம்மாள் துணி என் கையில். கம்பெனியில் கேட்டு வாங்கிய புத்தம்புது வெள்ளைத் துணி, கை வியர்வை படாமல் ஏந்திக்கொண்டு வந்தேன். துக்க நாள் என்பதால் மணி அடிக்க மாட்டார்கள், பூ வைக்க மாட்டார்கள். மரக்கட்டையைத்தான் தட்டிக்கொண்டு போவார்கள்.

ஐந்தாம் ஸ்தலம் முடிந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். முதலில் வந்தது மஞ்சள் தண்ணீர் வாசம். கம்பத்தடியில் மேசையைக் காணோம். அது விரியத் திறந்த கேட்டுக்கு நடுவில், துணி கசங்காமல், சுரூபத்தோடு அப்படியே இருந்தது. கேட்டின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. தெருவை அடைத்து, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு வண்ணக் கோலம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தண்ணீர்க் குடங்களோடு, குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார் பழனாத்தாப் பெரியம்மா.

மரக்கட்டைச் சத்தம் நின்றுவிட்டது. உபதேசியார் கோலத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன மேரி, பாடுபட்ட நாளா, திருவிழாவா? கொடியேத்தம் எத்தனை மணிக்கு?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா என்ன நினைத்தாளோ, என்னிடமிருந்த வெள்ளைத் துணியைப் பிடுங்கிக்கொண்டு, குனிந்து, கோலத்தைத் துடைக்கப் போனாள்.

"மேரியம்மா, இருங்க" என்றார் எங்களுக்குப் பூசை வைக்கும் சாமியார். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "நீங்க போட்டதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சாமி. தப்புங்களா?" என்றார் பெரியம்மா. "எழவுன்னு சொன்னதும் மொதல்ல பயந்துதானுங்க போனேன். அப்புறம் இந்தக் கண்ணுதான் சொல்லுச்சு, மூணா நாளு எந்திரிச்சு வந்துருவாருன்னு. எந்திரிச்சு வர்றவருக்கு எழவு ஏதுங்க? சாமி ஊட்டுக்கு வர்றப்ப வாசலை வெறுமனே போடலாமுங்களா?"

சாமியார் நாலடி முன்னால் வந்து, வெள்ளை அங்கியோடு, அந்தக் கோலத்தின் நட்டநடுவில் முழங்காலிட்டார். ஜனங்கள் கோலத்தை மிதிக்கத் தயங்கி ஓரத்திலேயே ஒண்டிக்கொண்டு நிற்க, "அட, வாங்க. மிதிச்சா என்னங்க, நீங்க வரோணும்னுதானுங்களே போட்டது" என்று பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் முழங்காலிட்டோம். அம்மா அந்தத் துணியை மறுபடி என் கையில் கொடுத்தாள். நான் எழுந்து போய்ச் சுரூபத்தின் முகத்தைத் துடைத்தேன். அம்மா அழுதுகொண்டே செபம் சொன்னாள். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்திருந்த அப்பா, தலையெல்லாம் பஞ்சோடு கூட்டத்தின் பின்னால் நின்று, "நம்ம வாசலா இது?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

எழுந்ததும் பெரியம்மா ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி நாளாயிற்றே என்று உபதேசியார் யோசிக்க, சாமியார் முதல் டம்ளரை வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்து உபதேசியாரும் குடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். மிச்ச ஸ்தலங்களுக்கெல்லாம் முழங்காலில் சிவப்பும் பச்சையுமாகத்தான் நடந்தோம். சாயங்காலம் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்ய வரிசையில் நின்றபோது, யாருடைய வேட்டியிலும் சேலையிலும் அந்த வண்ணம் இல்லாமல் இல்லை. உபதேசியார் வேட்டியில்தான் எல்லாரையும்விட அதிகம்.

மறு வருஷம் பெரியம்மாவே, "உங்க சாமி எப்ப வருது அம்மிணி?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் அந்த வீட்டில் இருந்தவரைக்கும் ஆறாம் ஸ்தலத்தில் கோலம் இருந்தது. துக்க நாளில் கோலம் போடுவதில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவேயில்லை.

இப்போது எங்களுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. அப்பா அம்மா காலத்து ஜனங்கள் வயிற்றைக் கட்டிக் கட்டியது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பதினான்கு ஸ்தலமும் சுவரில் அழகாகப் பதித்திருக்கிறது, ஒவ்வொன்றின் கீழும் கொடுத்தவர் பெயர். வெயில் இல்லை, மின்விசிறி ஓடுகிறது. நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிப் பார்த்துச் செபம் சொல்லி முடித்துவிடுகிறோம். வயசானவர்களுக்கு நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது யாரும் யாருடைய வாசலிலும் போய் நின்று, "இங்க வரலாமா" என்று கேட்க வேண்டியதில்லை. மண்ணரை வீட்டை இடித்து மாடி மாடியாகக் கம்பெனி எழுப்பியிருக்கிறார்கள், கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார். அம்மாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை.

எங்கள் கோயிலில் இப்போது இந்திப் பூசையும் உண்டு. ஜார்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் எங்கள் கூட்டமே நிறைந்துவிடுவதால், அவர்கள் சிலுவைப்பாதையைத் தெருவில் நடத்துகிறார்கள். போன வருஷம் அதற்கு முந்தின வாரம், செக்கிங் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இப்போது நாங்கள் குடியிருக்கும் நெருப்பெரிச்சல் என்ற ஊரில், எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வெள்ளிக்கிழமை இங்க ரெண்டு நிமிசம் நிக்கலாமா? சத்தம் வராது" என்று கேட்டாள்.

நில்லுங்கள் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் பாட்டு தெருமுனையில் கேட்டதும், மஞ்சள் கரைத்த வாளியோடு வாசலுக்கு வந்தேன். தண்ணீர் தெளித்துவிட்டுக் கோலப்பொடி டப்பாக்களைத் திறந்தபோது, என் மகன் ஓடிவந்து, "அம்மா, இன்னைக்குத் துக்க நாளு, கோலம் போடக்கூடாது" என்றான்.

பழனாத்தாப் பெரியம்மாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.