ஏழு கிராமங்களின் வரைபடம்

பத்திரிகை ஆபீஸில் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர். செய்திகளுக்கு வரைபடம் போடுகிறவர். முப்பத்தோரு வருஷமாக மூன்றாம் மாடி ஜன்னலோரம் அதே மேஜை, அதே குனிந்த முதுகு. மகா பிடிவாதக்காரர். ஒரு தடவை வெள்ளச் செய்திக்கான படத்தில் பாலத்தை ஆற்று வளைவுக்கு இந்தப் பக்கம் போட்டுவிட்டார். ஒரு வாசகர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இவரே ஆசிரியரைக் குடைந்தெடுத்து மறுநாள் திருத்தம் போட வைத்தார். அன்றிலிருந்து அரசாங்க சர்வே தாளில் இல்லாத எதையும் வரைவதில்லை. தானே சரிபார்த்த படத்தின் மூலையில் மட்டும் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதுவார். அந்த வட்டம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று வாசகர்கள் பேசிக்கொள்வார்கள். அவருடைய மாப்பிள்ளையும் அப்படி ஒரு வாசகர்தான்.

மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர், யார் அழுதாலும் கூட அழுகிற ரகம். எல்லைக்கு அப்பால் ஏழு கிராமங்களில் நம் மக்களை எதிரி வளைத்துக்கொண்டான் என்று ஒரு வாரமாக டிவியில் ஒரே பாட்டு. தன்னார்வப் படைக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு நாளாக மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு உங்க மேப் வருதுல்ல மாமா? அதுல அந்த ஊருங்க இருந்தா பேர் குடுத்துடுவேன்" என்றார் வேன் சாவியை எடுத்துக்கொண்டே. வெளியூர் லோடு, மறுநாள் காலையில்தான் திரும்புவார்.

"எதுக்கு மேப்பு? நான் வாயாலயே சொல்றேன் மாப்ள, போகாதீங்க."

"வாயால சொன்னா பொண்ணப் பெத்தவரு சொல்றது. பேப்பர்ல போட்டா மேப்காரர் சொல்றது."

சமையலறையில் மகள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

மதியம் அமைச்சகத்திலிருந்து பட்டியல் வந்தது. ஏழு பெயர்கள், ஏழு இடக்குறிப்புகள். அளவுகோல் சர்வே தாளை விரித்து ஒவ்வொன்றாகக் குறித்தார். மூன்றாவதைக் குறிக்கும்போதே கை நின்றுவிட்டது. பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. இருந்ததை இருந்தபடி வரைந்து, நாலு மணிக்கு ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனார்.

"கிராமங்க எங்க சார்?" என்றார் ஆசிரியர்.

"இருந்தாத்தானே போடுறதுக்கு? ஏழுல அஞ்சு எண்ணெய்க் கிணறு. ஆறாவது எண்ணெய் டேங்க். ஏழாவது பம்பு நிலையம். ஒரு குடிசைகூட இல்ல."

ஆசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "அமைச்சகத்துப் பட்டியல் சார் அது."

"சர்வே தாளும் நம்ம அரசாங்கம் போட்டதுதான்."

"அந்தக் கிணறுங்க மேல கண்ணு வெச்சிருக்கிற எண்ணெய்க் கம்பெனியில நம்ம முதலாளிக்குப் பாதிப் பங்கு. தெரியாத மாதிரி பேசாதீங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. திட்டியிருந்தால்கூட அளவுகோலுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப வேற யாரையாவது வெச்சு வரைஞ்சுக்குங்க. என் வட்டம் மட்டும் அதுல வரக்கூடாது."

"அப்படீன்னா நாளையிலேர்ந்து நீங்களும் வர வேண்டாம்."

முப்பத்தோரு வருஷம் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். ஆனாலும் அடிமனசில் ஒரு நிம்மதி. வட்டம் இல்லாத படத்தை மாப்பிள்ளை நம்பமாட்டார். அது போதும்.

காலையில் பேப்பரைப் பிரித்தார். முதல் பக்கத்தில் பாதி அளவுக்கு வரைபடம். ஏழு இடத்திலும் குட்டிக் குட்டி வீடுகள். மூலையில் அவருடைய வட்டம். ஏதோ பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், பாவிகள்!

மகள் போனோடு ஓடிவந்தாள். "அப்பா, அவரு இப்பத்தான் பேசினாரு. 'மாமா வட்டம் போட்டிருக்காரு, நேரா லைன்ல போய் நிக்கிறேன்'னு வெச்சுட்டாரு. திரும்பக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறாரு."

வீட்டிலும் ஒரு சர்வே தாள் வைத்திருந்தார். அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். படைக்கு ஆள் எடுக்கிற மைதானத்து மதில் ஓரம் முந்நூறு பேராவது நின்றார்கள். பாதிப் பேர் கையில் அதே பேப்பர். வாசலுக்குப் பத்தடி தூரத்தில் மாப்பிள்ளை.

"மாப்ள, இது நான் போட்டதில்ல!"

"உங்க வட்டம் இருக்கே மாமா."

"திருடிட்டாங்க. இங்க பாருங்க." மூச்சு வாங்க, தாளை மதிலில் விரித்து விரல் வைத்தார். மாப்பிள்ளை பேப்பரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். அவர் முகம் மெல்லச் செத்துப்போனது.

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "சார், அந்த மேப்காரர் நீங்கதானா? அங்க ஊரே இல்லையா?"

அதிகாரி ஒருவர் வாசலிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். ஒரு சொல் சொன்னால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அளவுகோலுக்குத் தெரியும்.

"இல்லப்பா. எண்ணெய்க் கிணறு."

அந்த ஆள் தன் பேப்பரையும் பேனாவையும் நீட்டினார். "எழுதிக் குடுங்க."

முதல் வீட்டை அடித்துப் பக்கத்தில் 'கிணறு' என்று எழுதினார். இரண்டாவதையும் அடித்தார். அவர் தலை நிமிர்வதற்குள் இன்னும் நாலைந்து பேப்பர்கள் நீண்டன.

"தாளை மடிங்க பெரியவரே" என்று அதிகாரி அவர் தோளைப் பிடித்தார்.

மாப்பிள்ளை வரிசையை விட்டு வெளியே வந்தார். மாமனார் தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டு, நடுவில் நின்றுகொண்டு, சர்வே தாளைக் கடைசி ஆள் வரைக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.