முழுவதும் வந்தது என்றேன்

மோர்ஸ் தந்திக் குறியீட்டில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்துக்கு, நீ அனுப்பியது முழுவதும் கிடைத்தது என்று பொருள். ஒரு சொல் தவறினாலும் அதை அடிக்கக் கூடாது. கேள்விக்குறி அனுப்பினால் எதிர்முனை திரும்பச் சொல்லும். நானோ கேள்விக்குறியே அனுப்பாத மகாபிரபு. என்னைப்போல வீட்டிலேயே வானொலி நிலையம் வைத்திருந்த புனே ஹாம் நண்பர்கள் "மஷீன் ஹை யார்", இவன் இயந்திரமப்பா என்பார்கள். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

தொண்ணூறுகளின் கடைசியில் கிழக்குக் கரையைப் புயல் புரட்டிப்போட்டது. தொலைபேசிகள் செத்துப்போயின. அங்கே ஒரு ஹாம் மட்டும் கார் பேட்டரியை வைத்துக்கொண்டு, பிழைத்தவர்களின் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். புனேயை அடுத்த தேஹு ரோட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்தெருவில் இருந்த லாரி டிரைவர் அந்தப் பக்கம் சரக்கு ஏற்றிப் போயிருந்தார். அவர் மனைவி நாலு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்.

ஐந்தாம் நாள் காலை அந்த டிரைவரின் செய்தியே வந்தது. உயிரோடு இருக்கிறேன், கால் முறிந்திருக்கிறது, படுத்திருக்கும் இடம்... அங்கே இரைச்சல் எழுந்து இடத்தின் பெயரை அமுக்கிவிட்டது. நண்பர்கள் நாலைந்து பேர் அதே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் காதுபட நான் கேள்விக்குறி அனுப்புவதா? 'ஆர்' அடித்தேன். பேட்டரி தீர்கிறது என்று அந்தக் கரை ஹாம் விடைபெற்றார். சீ, ஒரே ஒரு கேள்விக்குறி! பிறகு இரண்டு நாள் கூப்பிட்டும் அவர் வரவில்லை. வெட்கத்தை விட்டு நண்பர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

"ஆப்னே தோ ஆர் தியா தா நா?" என்றார் ஒருவர். நீங்கள்தானே கிடைத்தது என்றீர்கள் என்று வெள்ளந்தியாகக் கேட்டார். அந்தக் குரல் இன்றும் குளிக்கும்போதுகூடக் காதில் விழுகிறது.

டிரைவரின் மனைவி செய்தி வந்த அன்றே கேட்டுவிட்டார். "எங்கேண்ணா இருக்காராம்?"

"அது வரலைம்மா" என்றேன். அது வந்தது. நான்தான் வாங்கவில்லை.

அந்தப் பெண்ணின் தம்பி ரயிலேறிப் போய் ஊர் ஊராகத் தேடினார். பன்னிரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தபோது, காயம் புரையோடி முந்தின நாள்தான் உயிர் போயிருந்தது. வீட்டிலிருந்து யாராவது வந்தார்களா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

காரியம் முடிந்ததும் அந்தப் பெண் என் வாசலுக்கு வந்தார்.

"நீங்க மட்டும் சொல்லலைன்னா, அவரு மூஞ்சியக்கூடப் பாத்திருக்க மாட்டோம்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.