தறிக்கு வாங்கிய எண்ணெய்

மூடிக்கிடந்த நெசவாலைக்கு வாராவாரம் போய் அத்தனை தறிகளுக்கும் எண்ணெய் போட்டுவந்த ஒரே ஆசாமி அவர்தான். ஆலை ஓடிய காலத்திலும் அதுதான் அவர் வேலை. தறிக்காரர்கள் வைத்த பெயர் 'எண்ணெய்க் கை'. தோளில் கைபோட்டாரென்றால் அன்றைக்கே சட்டையைத் துவைக்க வேண்டும் என்பார்கள்.

முதலாளி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். வருங்கால வைப்பு நிதிக்கென்று மாதாமாதம் தொழிலாளர் சம்பளத்தில் பிடித்தார்; பிடித்ததைக் கட்டவில்லை. ஆலை நொடித்த பிறகுதான் அது தெரிந்தது. வங்கியும் நூல் வியாபாரிகளும் கடனைக் கேட்டு நின்றார்கள். சொத்தை விற்றுப் பிரித்துக் கொடுக்க நீதிமன்றம் ஓர் அதிகாரியை நியமித்தது. எண்ணெய்க் கையின் மனைவிக்கு மூட்டு தேய்ந்திருந்தது. குடியிருப்பதோ மூன்றாம் மாடி. வைப்பு நிதி வந்தால் அறுவை சிகிச்சை, இல்லையென்றால் இல்லை.

பந்திக்கு முந்துவது வங்கிதான் என்று வாயிற்காவலர் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோரும் சொன்னார்கள். ஒருவரும் விசாரித்துச் சொல்லவில்லை. வங்கி தின்றது போக மிஞ்சினால்தான் தொழிலாளிக்கு. அப்படியானால் தறிகள் நல்ல விலைக்குப் போக வேண்டும், துரு ஏறக் கூடாது. எண்ணெய்க் கை போட்ட கணக்கு இதுதான். காவலர் பழகியவர், உள்ளே விட்டார். எண்ணெய் சொந்தக் காசு. வாசல் கதவு கீச்சிடுகிறது, ஒரு சொட்டு விடக் கூடாதா என்று மனைவி கேட்டபோதெல்லாம், அது தறிக்கு வாங்கியது என்றார்.

முதல் வருடம் ஆசை இருந்தது. பிறகு ஆசை போய்விட்டது, கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது. மனைவி மாடி இறங்குவதை விட்டாள். அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் வருடம் தறிகள் விலைபோயின. அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு, வைப்பு நிதி முழுதாக வருகிறது என்றார். வங்கி விடுமா என்று கணக்குப்பிள்ளை இழுத்தார்.

"சட்டப்படி உங்க வைப்பு நிதி பாக்கிதாங்க முதல்ல. வங்கிக்கெல்லாம் அப்புறம்தான். பழைய இரும்பா எடைக்குப் போட்டிருந்தாக்கூட உங்களது அடைஞ்சிருக்கும்."

பிறகு ஏன் இத்தனை நாள் என்று எண்ணெய்க் கை கேட்டார்.

"தறியெல்லாம் புதுசாட்டம் இருந்துச்சு. நல்ல விலைக்கு ஆள் வரட்டும்னு வங்கியில காத்திருக்கச் சொன்னாங்க. துருப்பிடிச்சிருந்தா முதல் வருஷமே தள்ளிவிட்டிருப்போம்."

மற்றவர்கள் கைதட்டினார்கள். அவருக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வீட்டுக்கு நடந்தார், மாடி ஏறினார், கட்டிலில் கிடந்த மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். இனி அறுத்தாலும் பழையபடி நடப்பது சந்தேகம்தான் என்று போன மாதம்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்போ நான் இத்தனை நாள் மாடி இறங்காம கெடந்தது வங்கிக்காகவா?" காய்கறி விலை கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"ஆமா."

அவள் கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் மிச்சம் இருக்கா? இருந்தா அந்தக் கதவுக்கு விடுங்க."

எழுந்துபோய்க் கதவுக்கு எண்ணெய் விட்டார். இரண்டு சொட்டு போதுமாக இருந்தது.