குடிசை கட்ட வந்த மாமாக்கள்

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் மாமா என்ற சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. அப்பாவோடு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர் மாமா. அடுத்த வீட்டு அக்காவைக் கட்டியவர் மாமா. டிக்கோயா பஸ்ஸில் டிக்கட் கிழிப்பவரும் மாமா. ஒரு நாள் கணக்கப்பிள்ளையையே மாமா என்று கூப்பிட்டு அப்பாவிடம் குட்டு வாங்கினேன். "அவரு ஐயாடி!" என்றார் அப்பா. அந்த மனிதர் என்னவோ சிரித்துக்கொண்டுதான் போனார்.

இத்தனை மாமாக்கள் இருந்தும், நான் பெரியவளானபோது அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சடங்குக்குப் பச்சை ஓலைக் குடிசை கட்ட வேண்டியவர் தாய்மாமன். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர் யாருமில்லை.

"வாயால மாமான்னு கூப்பிட ஊரே இருக்கு. ஓலையத் தூக்கிட்டு வர ஒருத்தரு இருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

யாரிடமும் போய்க் கேட்கக்கூடாது என்று அம்மாவுக்கு வீம்பு வேறு. அது கேட்டு வாங்குகிற உறவில்லையாம். அப்பா பொறுப்பாரா? பக்கத்துக் காம்பரா மாமாவிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தார். லயத்து அறையைக் காம்பரா என்போம். அதற்குள் அம்மாவின் வீங்கிய கண்களைப் பாண்கார மாமாவும் பார்த்துவிட்டார். அவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துச் சிங்களவர். கூடையில் பாண், அதாவது ரொட்டி, சுமந்து லயம் லயமாக விற்பவர். என்ன விஷயம் என்று அவர் விசாரிக்க, அடுத்த வீட்டு அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சடங்கன்று காலையில் பக்கத்துக் காம்பரா மாமா கூரை வேயும் மானாப்புல்லைக் கட்டாக வாசலில் இறக்கவும், பாண்கார மாமா தென்னோலையோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எங்கள் குளிரில் தென்னை ஏது? கீழேயிருந்து பஸ் கூரையில் ஏற்றி வந்திருந்தார்.

"நாந்தாங்க மாமன். சொல்லியாச்சு," என்றார் புல் கொண்டுவந்தவர்.

"நம்ம ஊர்லயும் அம்மா அண்ணன் மாமாதானே! நங்கி அழுறது, நான் சும்மா இருக்கிறதா?" என்றார் பாண்கார மாமா. தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்பார்கள்.

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பா மெல்ல நழுவினார். அம்மாதான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

"கூரைக்குப் புல்லு, சுவத்துக்கு ஓலை. ரெண்டு அண்ணனும் சண்டை போட்டீங்கன்னா தங்கச்சி சோறு போட மாட்டேன்!"

அம்மா அப்படி அதிகாரம் பண்ணி நான் பார்த்ததே இல்லை. குடிசை ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. அதற்குள் உட்கார்ந்திருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, பாணுக்கு அரைத்த தேங்காய்ச் சம்பலில் உப்பில்லை என்று அப்பா வழக்கம்போல் அம்மாவைச் சத்தம் போட்டார். வாசலில் பாண் கூடை இறங்கும் சத்தம் கேட்டது.

"மச்சான், என்ன சத்தம்?"

பக்கத்துக் காம்பராவிலிருந்தும் ஒரு குரல் வந்தது. "ஆமாங்க மச்சான், என்னா சத்தம்?"

அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டார். அம்மா சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், அவளுக்காக ஒருவர் கேள்வி கேட்டது அன்றுதான்.